ஊர் இருக்கிறது... படமும் இருக்கிறது... ரயில்தான் இல்லை!

ரயிலில் எதிர் இருக்கைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். இன்றைக்கு அந்தச் சங்கடத்தைத் தீர்க்கக் கையில் செல்போன் இருக்கிறது. 70, 80 வருடங்களுக்கு முன்னால்?

அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரயில்களில் கண்களுக்கு வேறொரு புகலிடம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே, லக்கேஜ் வைக்கும் தட்டுக்குக் கீழே, கண்ணாடி போட்ட ஓர் ஓவியம் மாட்டியிருக்கும். கட்டுமரம் போல ஒதுங்கிக் கிடக்கும் மீன்பிடிப் படகுகள், பாறை மேல் அடுக்கியதுபோல வீடுகள், தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்குப் பின்னால் நீலக்கடல். கீழே சின்ன எழுத்தில் ஊரின் பெயர், மாவட்டத்தின் பெயர், வரைந்தவரின் பெயர்.

அந்தப் படம் சொல்லாமல் சொன்ன செய்தி ஒன்றுதான்: ‘இந்த ஊருக்கும் எங்கள் ரயில் போகும். அடுத்த விடுமுறைக்கு வாருங்கள்!’

இன்று அந்தப் படங்களைத் தேடித்தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாராருக்கு ஒரு விசித்திரமான விருப்பம். ரயில் போய்க்கொண்டிருக்கும் ஊர்களின் படங்கள் மீது அவர்களுக்கு அவ்வளவு ஆசை இல்லை. தண்டவாளம் பிடுங்கப்பட்டு, ஸ்டேஷன் இடிக்கப்பட்டு, இனி ரயிலில் போகவே முடியாது என்று ஆகிவிட்ட கடலோர ஊர்களின் படங்கள்தான் வேண்டும்!

ஏன் இந்த ஆசை? அந்தக் கதைக்குள் போவதற்கு முன், படங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

சுவரில் ஒரு ஜன்னல்

அன்றைய பிரிட்டிஷ் ரயில் பெட்டி, சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். நம் ஊர் முதல் வகுப்பு கூபேயை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். இருக்கையின் முதுகுப் பகுதிக்கு மேலே, லக்கேஜ் தட்டுக்குக் கீழே ஒரு பட்டையான இடம் மிச்சமிருக்கும். அந்த இடத்தை வீணாக்குவானேன் என்று ரயில் கம்பெனிகள் யோசித்தன. முதலில் அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி, ரயில் பாதை வரைபடம், பழுப்பு நிறப் புகைப்படங்கள் எல்லாம் வந்தன. பிறகு வண்ண ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் வந்தன.

ஏறக்குறைய 20 அங்குல அகலம், 10 அங்குல உயரம். இதுதான் இந்தப் பெட்டிப் படங்களில் அதிகம் புழங்கிய அளவு. படுக்கை வாட்டத்தில் நீளமாக இருந்ததால், கடற்கரைக்கும் துறைமுகத்துக்கும் அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

1923-ல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகள் நான்கு பெரிய நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே, சுருக்கமாக எல்.என்.இ.ஆர். பிரிட்டனின் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் பெரும்பாலும் இதன் ராஜ்ஜியம்தான். பெட்டிப் படங்களுக்குப் பேர்போனதும் இந்த நிறுவனம்தான். 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே முழுவதும் அரசுடைமை ஆன பிறகும், பிரிட்டிஷ் ரயில்வேயின் பல மண்டலங்கள் இந்த வழக்கத்தை 1950-களில் தொடர்ந்தன.

வரைந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. சஃபோக் மாவட்டத்தின் இப்ஸ்விச் நகரில் பிறந்த லியோனார்ட் ஸ்குவரல், அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் கிராமப்புறங்களை வரைந்து பெயர் வாங்கிய ரோலண்ட் ஹில்டர், ஜாக் மெரியட், கென்னத் ஸ்டீல், கிளாட் பக்கிள், ஃபிராங்க் ஷெர்வின்... இப்படிப் பெரிய பட்டியல். ஓவியக் கண்காட்சிக்குள் காலே வைக்காத லட்சக்கணக்கானவர்கள், ஒரு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கிக்கொண்டு இவர்களின் ஓவியங்களைப் பார்த்தார்கள்.

இன்னொரு சுவாரஸ்யம். ரயில்வே காசு கொடுத்து வரைய வைத்த இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் ரயில் இருக்காது! ரயில் வரலாற்றையே வரைந்த ஹாமில்டன் எல்லிஸ் போன்ற சிலர் விதிவிலக்கு. மற்றபடி கடல், படகு, தெரு, தேவாலயம், வானம். ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ரயிலைக் காட்டி என்ன பயன்? போய் இறங்கப்போகும் ஊரைக் காட்டினார்கள்.

பின்னாளில் ஒவ்வொரு பாதையாக மூடப்பட்டபோது, படத்துக்கு எதுவும் ஆகவில்லை. அதில் இருந்த கடலும் படகும் அப்படியே இருந்தன. படத்துக்கு வெளியே இருந்த ரயில்தான் காணாமல்போனது.

ஓவியர்களைக் கூட்டிவந்த ரயில்

கடலோர ரயிலுக்கும் ஓவியர்களுக்கும் உறவு, பெட்டிப் படங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. யார்க்‌ஷயர் மாவட்டத்தில் ஸ்டெய்த்ஸ் என்று ஒரு மீனவ கிராமம். இரண்டு பாறை மேடுகளுக்கு நடுவே, ஒரு சின்ன ஓடை கடலில் கலக்கும் இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கும் ஊர். 1883-ல் விட்பி நகரிலிருந்து லாஃப்டஸ் வரை கடலோரமாக ரயில் பாதை போடப்பட்டது. ஸ்டெய்த்ஸுக்கு ஸ்டேஷன் வந்தது. ஸ்டேஷன் வந்ததும் ஓவியர்களும் வந்தார்கள்.

அப்படி வந்து தங்கியவர்களில் ஒருவர் லாரா நைட். மீனவப் பெண்களையும் குழந்தைகளையும் அங்கே வரைந்து பழகிய இவர்தான், பின்னாளில் 1936-ல் லண்டன் ராயல் அகாடமியின் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்.

ஸ்டெய்த்ஸ் ரயில் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1879 டிசம்பர் 28 அன்று ஸ்காட்லாந்தின் டே நதிப் பாலம் புயலில் இடிந்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தது. அந்த விபத்தின் பயம் நாடு முழுக்கப் பரவியிருந்த நேரத்தில் திறக்கப்பட்டதுதான் ஸ்டெய்த்ஸ் பாலம். எனவே அதில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். காற்று அளவு மீறினால் சிக்னல் அறையில் மணி அடிக்கும். மணி அடித்தால் ரயில் பாலத்தின் மேல் ஏறக் கூடாது!

காற்றுக்குத் தப்பிய அந்தப் பாலம், கணக்குப் புத்தகத்துக்குத் தப்பவில்லை. 1958 மே மாதத்தில் அந்தப் பாதை மூடப்பட்டது. 1960-ல் பாலத்தைப் பிரித்து இரும்பாக விற்றுவிட்டார்கள். இன்று ஸ்டெய்த்ஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பஸ்ஸிலோ காரிலோதான் போக வேண்டும்.

கோடையில் கூட்டம்... குளிர்காலத்தில் காத்தாடும்!

கடலோரப் பாதைகள் ஏன் வரிசையாக மூடப்பட்டன? ‘எல்லோரும் கார் வாங்கிவிட்டார்கள்’ என்பது பாதி பதில்தான். மீதி பதில், பருவம்.

இங்கிலாந்தில் கடற்கரை விடுமுறை என்றால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான். அந்தச் சில வாரங்களின் சனிக்கிழமைகளில் ரயிலில் நிற்க இடம் இருக்காது. அக்டோபர் பிறந்தால் அதே ரயிலில் ஓட்டுநரும் கார்டும் நாலைந்து பயணிகளும்தான். ஆனால் தண்டவாளப் பராமரிப்பு, சிக்னல், ஸ்டேஷன் ஊழியர் சம்பளம் எல்லாம் 12 மாதமும் உண்டு.

பெட்டிகளின் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் 1963 மார்ச் 27 அன்று வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. 1959-ல் விரைவு ரயில்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 18,500 பெட்டிகளில், வருடம் முழுக்க ஓடியவை 5,500தான். சுமார் 2,000 பெட்டிகள் வருடத்துக்கு 10 முறைக்கு மேல் தேவைப்படவே இல்லை!

அந்த 2,000 பெட்டிகளைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கோடையின் பத்து நாள்களுக்காக, மீதி நாள்களெல்லாம் ஏதோ ஒரு யார்டின் ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன. அவற்றில் படம் மாட்டிய பெட்டிகளின் உள்ளே, யாரும் பார்க்காத சுவரில், வெயிலடிக்கும் கடற்கரை!

2,363 ஸ்டேஷன்களை மூடலாம் என்று பரிந்துரைத்தது பீச்சிங் அறிக்கை. பீச்சிங் என்ற பெயரைக் கேட்டாலே இன்றும் பல ஊர்களில் கோபம் வருவதற்கு அதுதான் காரணம். உண்மையில் பல கடலோரப் பாதைகள் அவர் வருவதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. ஆனால் பழி மொத்தமும் அவர் தலையில் விழுந்தது.

படங்களை வரிசையாக வைத்தால்...

தொலைந்த பாதைகளின் படங்களைச் சேகரிப்பதில் ஓர் எளிய வழி, பாதை பாதையாகச் சேர்ப்பது. அந்தந்த ஊரின் பெட்டிப் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்ப் படம். அதனோடு அந்தப் பாதையின் பழைய கால அட்டவணை, ஒரு டிக்கெட், ஒரு வரைபடம். இவ்வளவும் ஒன்று சேரும்போது ஒரு பாதையின் வாழ்க்கை வரலாறே கையில் வந்துவிடும். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

ஸ்கார்பரோ – விட்பி (1885 – 1965): யார்க்‌ஷயரின் செங்குத்தான பாறைகளுக்கு மேலே ஓடிய பாதை. நடுவில் ராபின் ஹுட்ஸ் பே, ரேவன்ஸ்கார் என்ற ஊர்கள். ரயில் வந்துவிட்டதை நம்பி ரேவன்ஸ்காரில் ஒரு பெரிய சுற்றுலா நகரத்தையே கட்டத் திட்டமிட்டார்கள். தெருக்கள் போட்டார்கள், சாக்கடை கட்டினார்கள், மனைகளை விற்றார்கள். கடற்கரைக்கு இறங்குவது பெரும்பாடு என்பதால் கூட்டம் வரவில்லை. கம்பெனி திவாலானது. வீடுகள் இல்லாத தெருக்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. ரயிலும் 1965 மார்ச்சில் நின்றது. அந்தப் பாதை இப்போது ‘சிண்டர் டிராக்’ என்ற பெயரில் சுமார் 34 கிலோமீட்டர் நடைபாதை, சைக்கிள் பாதை. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பல் கட்டிகளைக் கொட்டியிருந்ததால் இந்தப் பெயர். விட்பிக்கு அருகில் எஸ்க் நதியின் மேலே 13 வளைவுகளுடன் நிற்கும் செங்கல் பாலத்தின் மேல் இப்போது சைக்கிள்கள் போகின்றன.

ஹன்ஸ்டன்டன் (நார்ஃபோக் மாவட்டம்): கிங்ஸ் லின் நகரிலிருந்து கடற்கரைக்குப் போன பாதை. அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்குப் போகிறவர்கள் இறங்கிய உல்ஃபர்டன் ஸ்டேஷன் இதில்தான் இருந்தது. 1953 ஜனவரி 31 இரவு கடல் ஊருக்குள் புகுந்தபோது, ஹன்ஸ்டன்டனிலிருந்து கிளம்பிய ரயில் எதன் மீது மோதியது தெரியுமா? வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு வீட்டின் மீது! மணிக்கணக்கில் தண்ணீருக்கு நடுவே நின்ற ரயில், பிறகு ஒருவழியாகப் பின்னோக்கி ஊர் திரும்பியது. கடலையே சமாளித்த அந்தப் பாதை 1969 மே மாதத்தில் மூடப்பட்டது. ராஜா, ராணி வந்து இறங்கிய ஸ்டேஷன் என்ற பெருமையாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆல்ட்பரோ (சஃபோக் மாவட்டம்): இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் வாழ்ந்த கடற்கரை ஊர். 1948-ல் அவரும் நண்பர்களும் தொடங்கிய இசை விழா இன்றும் நடக்கிறது. ஆனால் விழாவுக்கு ரயிலில் வந்து ஊருக்குள் இறங்க முடியாது. 1860-ல் வந்த ரயில், 1966 செப்டம்பரில் போய்விட்டது. இந்தப் பாதையில் தார்ப்னெஸ் என்றொரு குட்டி ஸ்டேஷன் இருந்தது. அதற்குக் கட்டடம் கிடையாது. ஓடி ஓய்ந்த பழைய ரயில் பெட்டிகளின் கூடுகளைப் பிளாட்பாரத்தில் இறக்கிவைத்து, அதையே ஸ்டேஷனாக்கியிருந்தார்கள்!

ஃபைஃப் கடற்கரை (ஸ்காட்லாந்து): பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல் என்று மணி கோத்ததுபோல வரிசையாகத் துறைமுக ஊர்கள். லீவன் நகரிலிருந்து இவற்றையெல்லாம் தொட்டுக்கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் வரை போன ரயில் 1965 செப்டம்பரில் நின்றது. உலகின் கோல்ஃப் ரசிகர்கள் எல்லாம் தேடிவரும் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரமே 1969 ஜனவரியில் தன் ஸ்டேஷனை முழுதாக இழந்தது.

தென்மேற்குக் கடற்கரை: லண்டனிலிருந்து கிளம்பி, வழியில் பெட்டி பெட்டியாகக் கழன்று வெவ்வேறு கடற்கரை ஊர்களுக்குப் பிரிந்து போகும் ‘அட்லான்டிக் கோஸ்ட் எக்ஸ்பிரஸ்’ 1964 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து லைம் ரீஜிஸ், பியூட், பேட்ஸ்டோ, இல்ஃப்ரகூம்ப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கடைசியாக விழுந்தது இல்ஃப்ரகூம்ப், 1970-ல்.

எரிந்தது போக மிச்சம்

பாதைகள் மூடப்பட்ட அதே காலத்தில்தான் பெட்டிகளும் மாறிக்கொண்டிருந்தன. அறை அறையாகத் தடுத்த பெட்டிகள் போய், நடுவில் நடைபாதையும் இருபுறமும் இருக்கைகளும் கொண்ட திறந்த பெட்டிகள் பெருகின. அதில் எதிர்ச் சுவரே கிடையாது. சுவர் இல்லாத இடத்தில் படம் எங்கே மாட்டுவது?

பழைய பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின. மர உடம்பு கொண்ட பெட்டிகளை அங்கே பெரும்பாலும் தீவைத்து எரித்தார்கள். மரம் எரிந்த பிறகு இரும்பை மட்டும் எடுத்துக்கொள்வது சுலபம். இருக்கை, திரைச்சீலை, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கடற்கரை எல்லாம் சேர்ந்தே எரிந்தன.

அப்படியென்றால் இன்று சேகரிப்பவர்களின் கைக்கு வந்த படங்கள் எப்படித் தப்பின? மூன்று வழிகள். மாட்டப்படாமல் கிடங்கிலேயே கட்டுக்கட்டாகக் கிடந்தவை முதல் வகை. இவைதான் இன்று புத்தம் புதுசு போலக் கிடைப்பவை. பெட்டியை உடைக்கும் முன் ஊழியர்கள் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனவை இரண்டாம் வகை. மூன்றாவது... ஓடும் ரயிலிலேயே பையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்த பயணிகள் ‘நினைவாக’ எடுத்துப்போனவை!

மூன்றாவது வகைக்கு நம் ஊரில் பெயர் திருட்டு. அங்கேயும் அதுதான் பெயர். ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஒழுங்காக அதனதன் இடத்தில் இருந்த எத்தனையோ படங்கள் சாம்பலாகிவிட்டன. ஒழுங்கை மீறி வெளியே வந்தவற்றில் சில, இன்றைக்கு யாரோ ஒருவரின் வரவேற்பறையில் பத்திரமாக இருக்கின்றன.

இவற்றைக் கலையாக மதித்து, வரிசைப்படுத்தி எழுதிய முக்கியமான ஆள் கிரெக் நார்டன். 1997-ல் வெளிவந்த அவருடைய ‘லேண்ட்ஸ்கேப்ஸ் அண்டர் தி லக்கேஜ் ராக்’ என்ற புத்தகம்தான் இந்தத் துறையில் இறங்குகிறவர்களுக்கு அகராதி மாதிரி. யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் ரயில்வே போஸ்டர்களையும் ஓவியங்களையும் பாதுகாத்து வருகிறது.

அசலா, நகலா?

பிரிட்டனில் ரயில்வே சம்பந்தப்பட்ட பழைய பொருள்களுக்கென்றே தனி ஏலங்கள் நடக்கின்றன. ‘ரயில்வேயானா’ என்பது அந்தச் சந்தையின் பெயர். இன்ஜின் பெயர்ப் பலகைகள் அங்கே பெரும் பணத்துக்குப் போகும். பெட்டிப் படங்கள் அந்த அளவுக்கு மிரட்டாது. அதிகம் அச்சடிக்கப்பட்ட ஊர்களின் படங்கள் சில பத்து பவுண்டுகளிலேயே கிடைக்கும். அரிதான ஊர், பேர்பெற்ற ஓவியர், கறை படியாத நிலை ஆகியவை சேர்ந்தால் விலை 100 பவுண்டைத் தாண்டும்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை இவை.

புள்ளிகள்: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். பழைய வண்ண அச்சில் பெரும்பாலும் மைப்புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூ மாதிரி வட்டம் கட்டியிருக்கும். இன்றைய இன்க்ஜெட் பிரின்டரில் அடித்தது என்றால், சாயம் தெளித்ததுபோலப் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறியிருக்கும்.

காகிதம்: ரூபாய் நோட்டைப் பரிசோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பாருங்கள். காகிதத்தைப் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1940-களின் படம் என்று சொல்லி விற்பது நீல வெள்ளையாக ஜொலித்தால் சந்தேகப்படுங்கள்.

பின்பக்கம்: ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படத்தின் முன்பக்க போட்டோவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பின்பக்க போட்டோவும் கேளுங்கள். சட்டத்துக்குள் வருடக்கணக்கில் இருந்த படத்தின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கும். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டியிருந்தாலும், ஊர்ப்பெயர் இருக்கும் கீழ் ஓரம் போயிருந்தாலும் மதிப்பு குறையும்.

பராமரிப்பு: வெயில்தான் முதல் எதிரி. நீலம் வெளுத்தால் கடலே போச்சு! ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள். அமிலம் இல்லாத மவுன்ட் அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள். ஈரக்காற்று அதிகமுள்ள ஊர் என்றால், படத்தின் பின்புறம் சுவரில் ஒட்டாமல் சின்ன இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். மஞ்சளாகிவிட்ட படத்தை வீட்டிலேயே ‘கழுவி’ச் சரிசெய்யும் வீடியோக்களை நம்பாதீர்கள். அந்த மஞ்சளில் பாதி, ஒரு காலத்தில் ரயிலுக்குள் புகைத்த சிகரெட்டுகளின் உபயமாக இருக்கலாம். அதுவும் அந்தப் படத்தின் வரலாறுதான்.

மறுபதிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இது மறுபதிப்பு’ என்று நேர்மையாகச் சொல்லி விற்பதை வாங்கி மாட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. படத்தை ரசிக்க அது போதும். ஆனால் ஓடிய ரயிலில் தொங்கிய காகிதம் அது இல்லை. அந்த வித்தியாசத்துக்குத்தான் சேகரிப்பாளர் காசு கொடுக்கிறார்.

ஒரு வாக்குறுதியின் ரசீது

ரயிலில் போக முடியாத ஊரின் ரயில் படத்தை ஏன் ஒருவர் தேடி வாங்க வேண்டும்? ‘பழசு மேல ஒரு பாசம்’ என்று சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை.

அன்றைய கடலோர ரயில் ஏழை பாழைக்கும் கடலைக் காட்டியது. கார் வைத்திருந்தவருக்கு எந்த ஊரும் தூரம் இல்லை. கார் இல்லாத பஞ்சாலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, கைக்குழந்தையோடு கிளம்பிய தாய், தனியாக வாழ்ந்த முதியவர்... இவர்களுக்கெல்லாம் ரயில்தான் வழி. பாதை மூடப்பட்டபோது ‘பஸ் விடுகிறோம்’ என்றார்கள். பல ஊர்களில் அந்த பஸ்ஸும் நாளடைவில் தேய்ந்துபோனது. ரயில் நின்றதால் ஊர்கள் அழியவில்லைதான். அழகான கடற்கரை என்பதால் கார்களில் கூட்டம் வந்தது. ஆனால் கார் இல்லாதவர்களுக்கு அந்த ஊர் இன்னும் தூரமாகிவிட்டது.

அதனால்தான் இந்தப் படங்களை வெறும் அழகுப் படங்களாகப் பார்க்க முடிவதில்லை. ‘இந்த ஊருக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன்’ என்று, ரயில்வே தன் செலவில் அச்சடித்து, சட்டம் போட்டு, பயணியின் கண் எதிரே மாட்டிய வாக்குறுதி அது. வாக்குறுதி கொடுத்த அதே ரயில்வேதான் பிறகு பாதையையும் மூடியது. கொடுத்த வாக்குக்கு இன்று மிச்சமிருக்கும் ரசீது, அந்த 20 அங்குலக் காகிதம்.

ரசீதை எடுத்துக்கொண்டு சும்மா இருக்காதவர்களும் உண்டு. நார்ஃபோக் கடற்கரைக்குப் போன மிட்லண்ட் அண்ட் கிரேட் நார்தர்ன் பாதையின் பெரும்பகுதி 1959 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதே வருடம் ரசிகர்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். முழுப் பாதையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஷெரிங்ஹாம் கடற்கரையிலிருந்து ஹோல்ட் வரையிலான துண்டில் இன்றும் நீராவி இன்ஜின் ஓடுகிறது. அது நார்த் நார்ஃபோக் ரயில்வே. தன்னார்வலர்கள்தான் அதன் முதுகெலும்பு.

ஸ்காட்லாந்திலோ, ரசிகர்களின் சுற்றுலா ரயிலாக இல்லாமல், தினசரி ரயிலே திரும்பி வந்திருக்கிறது. 1969-ல் ரயிலை இழந்த ஃபைஃப் கடற்கரையின் லீவன் நகருக்கு, உள்ளூர் மக்களின் நீண்ட வற்புறுத்தலுக்குப் பிறகு, 2024 ஜூன் மாதத்தில் மறுபடியும் பயணிகள் ரயில் வந்தது. இடையில் 55 வருடங்கள்! கடைசி ரயிலைக் கையசைத்து அனுப்பிய குழந்தைகளுக்கு, புது ரயிலில் ஏறும்போது 60 வயது தாண்டியிருக்கும்.

ஆனால் லீவனோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருக்கும் பிட்டன்வீமுக்கும், ஆன்ஸ்ட்ரதருக்கும், கிரெய்லுக்கும் போக வேண்டும் என்றால், லீவன் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியதுதான்.